ஆவாரம்பட்டையும் கிணற்று நீரும்: திண்டுக்கல் பேகம்பூர்த் தோல் தொழிலின் வரலாறு

ஆவிரை தமிழ்ப் புலவர்க்குப் புதிய செடியன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் அதுவும் ஒன்று. மடலேறத் துணிந்த தலைவன் பனைமடற் குதிரைக்கு அணிவிக்கும் மாலையில் அதன் பொன்னிறப் பூ இடம்பெறுவதைக் குறுந்தொகை காட்டும். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று மருத்துவம் அறிந்த நம் முன்னோர் பழமொழியும் சொல்லி வைத்தனர். பூவை இவ்வளவு போற்றிய நாம் அச்செடியின் பட்டையைப் பற்றி எதுவும் பாடவில்லை. அந்தப் பட்டைதான் ஒரு நூற்றாண்டுக் காலம் திண்டுக்கல் நகரின் ஓரத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அவர்களுடைய கைகளை அரித்ததும் அதனோடு சேர்ந்த தொழிலே.

தோலையும் தோல் தொழிலாளியையும் நம் இலக்கியம் அறவே மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் இளங்கோவடிகள் அங்கு வாழ்ந்த தொழிலாளருள் தோல் தைப்போரையும் எண்ணிச் சொல்கிறார். புறநானூற்றின் 82-ஆம் பாடலில் சாத்தந்தையார், போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்கு ஓர் உவமை தேடுகிறார். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வேதனை, பொழுது சாய்கிறது, மழையும் பெய்கிறது. இத்தனைக்கும் நடுவே கட்டிலுக்குத் தோல்வார் பிணிக்கும் ஒருவனுடைய கையில் ஊசி எவ்வளவு விரைவாக ஓடுமோ அவ்வளவு விரைவானது அரசனின் போர் என்கிறார். உழைப்பாளியின் நெருக்கடியை இவ்வளவு நுட்பமாகக் கண்ட பாடல்கள் சிலவே. ஆயினும் அந்த மனிதனைக் குறிக்கப் புலவர் கையாளும் சொல் அவனை இழிந்தவன் என்றே சுட்டுகிறது. கையின் திறம் போற்றப்பட்டது, கைக்குரியவன் தாழ்த்தப்பட்டான். பேகம்பூரின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த முரண்பாடு இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்திருப்பதை உணர்கிறோம்.

ஊரும் இடமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தபடி நகரின் தென்புறமாக விரிந்து கிடப்பது பேகம்பூர். 1755-இல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவராக வந்தவர் ஐதர் அலி. அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கிறது. அந்த அம்மையாரின் பெயராலேயே இப்பகுதி பேகம்பூர் என வழங்கலாயிற்று.

தோல் தொழில் இங்கு வேர்கொண்டதற்குக் காரணங்கள் பல. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள புன்செய் நிலங்களில் ஆடும் மாடும் மிகுதி. அதே வறண்ட நிலத்தில் யாரும் விதைக்காமல் ஆவாரை மண்டிக் கிடந்தது. தோண்டினால் கிணற்றில் நீர் கிடைத்தது. 1875-இல் திருச்சியிலிருந்து மதுரை செல்லும் இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாகப் போடப்பட்டபின், பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்துக்கு எளிதாகப் போய்ச் சேர்ந்தது. இவற்றோடு சமூகக் காரணம் ஒன்றும் உண்டு. இறந்த விலங்கின் தோலைத் தொடுவது தீட்டு என்று கருதிய சாதி இந்துக்கள் இத்தொழிலில் முதலிடத் தயங்கினர். அத்தகைய தடை இல்லாத முஸ்லிம் வணிகர்கள் துணிந்து முதலிட்டனர். வேலைக்கு வந்தவர்களோ அருந்ததியரும் பிற தாழ்த்தப்பட்ட மக்களும். அவர்களுள் கிறித்தவம் தழுவியோரும் பலர். இவ்வாறு தீட்டு என்னும் கருத்தே முதலாளியையும் தொழிலாளியையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது எனலாம்.

குழிகளில் நடந்த வேலை

ஊரார் இதனைத் தோல் ஷாப்பு என்றே அழைத்தனர். ஷாப்பு என்றவுடன் கடை என்று எண்ணிவிடக் கூடாது. அது வரிசை வரிசையாகக் குழிகளும் தொட்டிகளும் கொண்ட பெரிய வளாகம்.

உப்பிட்டுக் காய்ந்து வரும் தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் நீக்குவர். பின்னர்ச் சுண்ணாம்புக் குழியில் பல நாள் கிடக்கும். சுண்ணாம்பில் தோல் உப்பி மயிர் தளரும். அதனை வளைந்த மரக்கட்டையின்மேல் விரித்து, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் மயிரை வழித்து எடுப்பர். மறுபுறம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சீவுவர். கத்தி சற்றே ஆழப் பதிந்தால் தோல் கிழிந்துவிடும். மேலோட்டமாகச் சென்றால் சதை தங்கி அழுகும். இந்த அளவு கைக்குத்தான் தெரியும். எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. சுண்ணாம்பு நீக்கியபின் தோல் ஆவாரம்பட்டைச் சாற்றில் இறங்கும். முதலில் மெலிந்த சாறு, பிறகு சற்றுக் கடுமையானது, பிறகு புதுப்பட்டையிட்ட செறிந்த சாறு என்று குழி மாற்றிக் குழி மாற்றி வாரக்கணக்கில் ஊறும். ஆவாரையால் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும் இயல்புடையது. ஆதலால் இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து எடுப்பர். அப்போது அது வெளிர்மஞ்சள் நிறம் பெற்று நிற்கும்.

சென்னை மாகாணத்தில் இம்முறையில் பதனிட்ட தோலுக்கு இலண்டன் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்று தனிப்பெயர் இருந்தது. அது முழுமை பெற்ற தோலன்று, அரைப்பதத் தோல். மெருகும் வண்ணமும் ஏற்றும் வேலையும், அதில் கிடைக்கும் பெரும் ஊதியமும் மேலைநாட்டவர்க்கே உரியனவாக இருந்தன. முதல் உலகப்போரின்போது படைவீரர்களின் காலணிகளுக்கு வேண்டிய மாட்டுத்தோலை அரசே மொத்தமாக வாங்கிக்கொண்டது. 1919-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 15 வீதம் தீர்வை விதிக்கப்பட்டதும், பேரரசு நாடுகளுக்குச் செல்வதற்கு அதில் பெரும்பகுதி தள்ளுபடி செய்யப்பட்டதும் இத்தொழிலின் அருமையை ஆட்சியாளர் உணர்ந்திருந்தமைக்குச் சான்று. தோலின் அருமை உணரப்பட்டது. தோலைப் பதனிட்டவரின் நிலை என்ன?

கணக்கில் வராத ஆலைகள்

விட்லி தலைமையிலான அரசத் தொழிலாளர் ஆணையம் 1931-இல் தன் அறிக்கையை அளித்தது. தொழிற்சாலைச் சட்டத்துக்குக் கட்டுப்படாத ஆலைகள் என்று அது தனியே ஆராய்ந்தவற்றுள் தோல் பதனிடும் ஆலைகளும் அடங்கும். அவற்றில் பல, எந்திர விசையின்றி மனித விசையாலேயே இயங்கின. எந்திரம் இல்லாததால் சட்டத்தின் பார்வையில் அது தொழிற்சாலை ஆகாது; எனவே வேலை நேரத்துக்கு வரம்பில்லை, சிறுவர் உழைப்புக்கும் தடையில்லை. விசையின்றி இயங்கினாலும் 20 பேர் வேலை செய்யும் இடம் தொழிற்சாலையே என்று சொல்ல 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

சட்டத்தின் கணக்கில் வராத தொழிலாளி, முதலாளியின் கணக்கில் மட்டும் தவறாமல் இருந்தான். திருமணம், பேறு, சாவு என ஏதேனும் ஒன்றுக்காக அவன் வாங்கிய முன்பணம் ஏட்டில் ஏறும். அது அடையும்வரை அவன் வேறு ஷாப்புக்குப் போக முடியாது. அடையும் முன்பே அடுத்த தேவை வந்துவிடும். சுண்ணாம்பில் நாள்முழுதும் நனைந்த கைகால்களில் புண் ஆறுவதில்லை. விரல் நுனிகளில் தோல் தேய்ந்து ரத்தம் கசியும். விலங்கின் தோல் கெடாமல் காத்தவன் தன் தோலைக் காக்க இயலாமல் நின்றான். நோயுற்ற விலங்கின் தோல்வழிப் பரவும் அடைப்பான் என்னும் கொடிய நோயும் இத்தொழிலை விட்டு விலகியதில்லை.

வேலை முடிந்து வீடு திரும்பினாலும் நாற்றம் உடன்வரும். தேநீர்க்கடையும் கோயிலும் அவனை நாற்றத்தின் பெயரால் விலக்கின. நாற்றம் இல்லாதிருந்தாலும் சாதியின் பெயரால் விலக்கியிருக்கும் என்பது அவனுக்கும் தெரியும்.

சங்கமும் நாவலும்

1940-களில் இந்த மக்களிடையே தொழிற்சங்கம் கால்கொண்டது. வழக்கறிஞரான ஏ. பாலசுப்பிரமணியம் போன்ற பொதுவுடைமை இயக்கத்தவர் தோல் ஷாப்புத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். கூலி உயர்வும் வேலை நேரமும் மட்டும் அப்போராட்டத்தின் கோரிக்கைகள் என்று கருதினால் அதன் ஆழம் புலப்படாது. முதலாளியின் முன் தோளில் துண்டு அணிந்து நிமிர்ந்து நிற்பதும், பெயர்சொல்லி மரியாதையோடு அழைக்கப்படுவதும் அவர்களுக்குக் கூலிக்கு இணையான கோரிக்கைகளாக இருந்தன. பாலசுப்பிரமணியம் 1967-இல் திண்டுக்கல்லிலிருந்து சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்நகரின் அரசியலில் தொழிலாளர் இயக்கம் இன்றளவும் பெற்றிருக்கும் இடத்துக்கு அன்று சுண்ணாம்புக் குழிகளின் கரையில் நடந்த கூட்டங்களே அடித்தளம்.

இந்த வரலாறு இலக்கியமாவதற்கு வெகுகாலம் ஆயிற்று. திருநெல்வேலிச் சீமையில் 1938-இல் பிறந்து, திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்தவர் டி. செல்வராஜ். 'மலரும் சருகும்', 'தேநீர்' ஆகிய நாவல்களால் உழைக்கும் மக்களின் எழுத்தாளராக முன்பே அறியப்பட்ட அவர், திண்டுக்கல் தோல் தொழிலாளரின் எழுச்சியைப் பொருளாகக் கொண்டு 'தோல்' என்னும் பெருநாவலை 2010-இல் வெளியிட்டார். 2012-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. 2019-இல் அவர் மறைந்தார். நிகழ்ச்சிகள் நடந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் அவை நாவலாக வந்தன என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். அந்த அறுபது ஆண்டுகளிலும் திண்டுக்கல்லில் கவியரங்கங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன.

பட்டை போய் உப்பு வந்தது

தொழில் பெருகப் பெருக ஆவாரம்பட்டை போதாதாயிற்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்னும் சீகை இன மரத்தின் பட்டை கப்பலேறி வந்தது. அயல்நாட்டை நம்பியிராமல் இங்கேயே அதனை வளர்க்க முனைந்த வனத்துறை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீலகிரியிலும், திண்டுக்கல்லுக்கு மேற்கே உள்ள பழனி மலையிலும் வாட்டில் தோட்டங்களைப் பெருக்கியது. கொடைக்கானலின் பழைமையான புல்வெளிகள் பல அம்மரங்களின் கீழ் மறைந்தன. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுவது அப்புல்வெளியின் இயல்பு. பதனிடும் தொழில் தன் தேவைக்காக மலையுச்சிவரை கை நீட்டியதையும், அங்கும் நீரின் வாழ்வைத் தொட்டதையும் இதனால் அறிகிறோம்.

இதற்கிடையே குரோமிய உப்பால் பதனிடும் முறை தமிழகத்துக்கு வந்திருந்தது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-இல் அதற்கான சோதனைகளைத் தொடங்கினார். கிணற்றில் நீரிறைக்கும் கவலைச் சால்களுக்கு நெடுநாள் உழைக்கும் தோல் செய்வதும் அவருடைய நோக்கங்களுள் ஒன்று. உழவனின் கிணற்றுக்கு உதவவென்று வந்த முறையே பின்னாளில் அக்கிணற்றைக் கெடுத்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சென்னைக்கு அருகே பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் ஆலையின் பெயரே குரோம்பேட்டை என ஊர்ப்பெயராக நிலைத்தது. எனினும் திண்டுக்கல் போன்ற ஊர்களில் பட்டைமுறை நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது.

மாற்றத்தை விரைவுபடுத்தியது அரசின் கொள்கை. 1973-இல் பச்சைத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டு, அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அளவு விதிக்கப்பட்டது. முழுதும் முடித்த தோலையும் காலணிகளையும் அனுப்பி, ஊதியம் நம் நாட்டிலேயே தங்கச் செய்ய வேண்டும் என்பதே எண்ணம். அது நேர்மையான எண்ணமே. நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் வந்தது. ஆனால் முடித்த தோலுக்கு உலகச் சந்தை விரும்பியது குரோமிய முறையையே. வாரக்கணக்கில் குழியில் கிடந்த வேலை, சுழலும் மரப்பீப்பாய்களில் ஒருநாள் வேலையாயிற்று. வெளிர்மஞ்சள் தோலின் இடத்தில் நீலநிறத் தோல் வந்தது. ஒரு கிலோ தோலுக்கு 40 லிட்டர் அளவில் நீர் செலவாயிற்று. தோலைக் காக்கத் தூவிய உப்பும், பீப்பாயில் சேர்த்த உப்பும் அமிலமும் குரோமியமும் அந்நீரோடு வெளியேறின. ஆவாரம்பட்டைக் கழிவுநீரும் தூயதன்று. எனினும் அதன் அளவு சிறிது, அதன் நிறமும் நாற்றமும் எவர்க்கும் எச்சரிக்கை. உப்போ கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இறங்கிற்று.

கிணறுகள்

திண்டுக்கல் வட்டாரம் குடகனாற்றின் மேல்வடிநிலப் பகுதி. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றுப்படுகை, அடியில் கடும்பாறை, பாறையின் வெடிப்புகளில் தேங்கிய நீரே உழவர்க்கு ஆதாரம். இங்கு 80-க்கும் மேற்பட்ட ஆலைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 டன் தோலைப் பதனிடும் திறனுடையனவாக இயங்கின என்று நிலநீர் ஆய்வாளர்கள் குறித்துள்ளனர். ஆலைகள் வெளியேற்றிய நீர் வாய்க்காலிலும் ஓடையிலும் குளத்திலும் தேங்கி, வெடிப்புகள் வழியே கிணறுகளை அடைந்தது. திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கின்படி, குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பாழ்பட்ட ஊர்களுள் ஒன்றின் பெயர் குட்டத்து ஆவாரம்பட்டி. ஆவாரையின் பெயரால் அமைந்த ஊரில் ஆவாரையை விரட்டிய உப்பு வந்து சேர்ந்தது.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் தொடுத்த வழக்கில் இந்தக் கிணற்றுக் கணக்கும் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களில் இயங்கிய 900-க்கும் மேற்பட்ட ஆலைகளை அத்தீர்ப்பு தொட்டது. கேடு விளையுமுன் காக்கும் கடமையும், கெடுத்தவரே ஈடுசெய்யும் பொறுப்பும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அது அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஆலை இயங்கலாகாது என்று ஆணையிடப்பட்டது. இன்று உலகெங்கும் சூழலியல் சட்டம் பயில்வோர் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. அதன் அடியில் கிடப்பவை திண்டுக்கல், வேலூர்க் கிராமங்களின் உப்புக் கிணறுகள்.

தீர்ப்போடு கதை முடிந்துவிடவில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. கரைந்த உப்பைப் பிரிப்பது கடினம். பிரித்தபின் மிஞ்சும் கசடை வைக்க இடமில்லை. அதே வழக்குக்கு உட்பட்ட பாலாற்றுப் பகுதியின் இராணிப்பேட்டையில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் 2015 ஜனவரி 31-இல் உடைந்து, அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் இறந்தனர். இழப்பீடும் மீட்புப் பணியும் இன்னும் நிறைவேறவில்லை என்று கண்டு உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் வேலூர் தொடர்பாக மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. 1991-இல் தொடங்கிய வழக்கின் நீர் இன்னும் தெளியவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிணறு கெட்ட உழவரும், ஆலை மூடினால் வேலை இழக்கும் தொழிலாளரும் பகைவர்போல் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். இருவருமே இத்தொழிலின் ஆதாயக் கணக்கில் பெயர் இடம்பெறாதவர்கள். பட்டைக் காலத்தில் தொழிலின் செலவைத் தொழிலாளியின் உடல் ஏற்றது. வாட்டில் காலத்தில் மலையின் புல்வெளி ஏற்றது. உப்புக் காலத்தில் உடலோடு கிணறும் ஏற்றது. அழுகலைத் தடுப்பதே பதனிடுதல் என்கிறோம். அழுகல் நின்றுவிடவில்லை, விலை கேட்காத இடமாகப் பார்த்து அது இடம் மாறி வந்திருக்கிறது. பேகம்பூரின் வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்.

நம் பங்கு

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டத்தின் மலரில் தோல் ஷாப்பின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நம் கவியரங்கில் முழங்கும் பறையும் முழவும் தோல். நாம் அணிந்து வரும் காலணி தோல். நம் பழைய நூல்கள் சிலவற்றின் கட்டடமும் தோல். இவை எல்லாம் ஒருவர் கை நனைந்து வந்தவை. அந்தக் கைக்கு நம் மொழியில் மரியாதையான ஒரு சொல் இன்னும் நிலைபெறவில்லை.

சாத்தந்தையார் மழையில் வார் பிணித்தவனைக் கண்டார். அவன் ஊசியின் விரைவைக் கண்டார். வீட்டில் காத்திருந்த அவன் மனைவியையும் கண்டார். பெயரை மட்டும் கேட்கவில்லை. செல்வராஜ் கேட்டார், அதனால்தான் அந்நாவல் நிற்கிறது. சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த தலைமுறையின் முதியவர்கள் பேகம்பூரைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் வாழ்கின்றனர். கத்தி எந்த அளவுக்குப் பதிய வேண்டும், சாறு எந்த நிறத்தில் கனிந்தது, எந்தக் கிணறு எந்த ஆண்டில் உவர்த்தது என்பன அவர்களுக்குத் தெரியும். அவர்களோடு அச்சொற்களும் மறைந்துவிடும்.

வட்டத்தின் இளங்கவிஞர்கள் ஒரு மாலைப்பொழுதை அதற்கென ஒதுக்கி அங்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். போகும் வழியில் புன்செய் வரப்புகளில் ஆவாரை இன்றும் பூத்திருக்கும். அதன் பட்டையை உரிக்க இப்போது பெரும்பாலும் எவரும் வருவதில்லை.